கோணிப்பையில் கண்ணாடிகள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள என் பட்டறையின் மூலையில், பழைய டயர்களுக்குப் பின்னால் ஒரு கோணிப்பை கிடக்கிறது. உள்ளே முழுக்க இருசக்கர வாகனங்களின் பக்கக் கண்ணாடிகள். ஒன்றுகூட உடைந்தது இல்லை. புது வண்டி எடுத்த ஒரு வாரத்துக்குள் பையன்கள் வந்து, "அண்ணே, இந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இல்லை" என்பார்கள். கழற்றியதை வீட்டுக்கும் எடுத்துப்போக மாட்டார்கள், அப்பா பார்த்துவிடுவார். இங்கேயே கிடக்கட்டும் என்று போட்டுவிட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்த மூட்டை அது.

பட்டறை வைத்து 18 ஆண்டுகள் ஆகின்றன. அதில் பாதிக் காலம், கேட்டதையெல்லாம் கழற்றிக் கொடுத்தவன்தான் நான். கண்ணாடி, மட்கார்டு, சைலன்ஸருக்குள் இருக்கும் தடுப்பு, எதுவானாலும் சரி. கேட்கிறார்கள், செய்கிறேன், என் வேலை அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் 16 வயதுப் பையன் ஒருவனுக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்பதால் கூலிகூட வாங்கவில்லை. மூன்று வாரத்தில் அந்த வண்டி டெம்போவில் ஏறி என்னிடமே திரும்பி வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து வலப்பக்கம் தன் தெருவுக்குத் திரும்பியிருக்கிறான். பின்னாலிருந்து முந்திக்கொண்டு வந்த வேனை அவன் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வண்டியில் எதுவும் இல்லை. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது முழங்கால் மட்டும் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. இப்போது வேலைக்குப் போகிறான். வழியில் பார்த்தால் "அண்ணே" என்று சிரிக்கிறான். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் அவன் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடிவதில்லை.

அதன் பிறகு நான் கழற்றுவதில்லை. அடுத்த கடையில் போய்க் கழற்றிக்கொள்வார்கள் என்று தெரியும். போகட்டும்.

இன்னொன்று. அந்த மூட்டையில் பெண்பிள்ளைகள் விட்டுப்போன கண்ணாடி ஒன்றுகூட இல்லை. மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரும் அப்பா, துப்பட்டாவை எப்படி முடிந்துகொள்ள வேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறார். அதே அப்பா மகனிடம் சாவியைத் தூக்கிப் போடுகிறார். நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் மண்டபத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடங்களுக்கும் அப்போதுதான் விடுமுறை. வீட்டில் அப்பாவும் சும்மா, மகனும் சும்மா, வண்டியும் சும்மா. வளைந்த ஹேண்டில் பார்கள் என் பட்டறைக்கு அதிகம் வருவது அந்த இரண்டு மாதங்களில்தான். போன ஆண்டு அப்படியொரு தடைக்கால நாளில் மண்டபத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். என் மருமகனுக்கு அப்போது 17 வயது நடந்துகொண்டிருந்தது.

"தம்பி, இவனுக்கு நீயே ஒழுங்காக வண்டி கற்றுக்கொடு. இவர் கற்றுக்கொடுத்தால் சண்டையில்தான் முடியும்" என்றாள் அக்கா.

மச்சான் விசைப்படகு டிரைவர். திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "அவனுக்கு இனிமேல்தான் கற்றுக்கொடுக்க வேண்டுமா? எட்டாம் வகுப்பிலேயே ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தவன்" என்றார். குரலில் பெருமை.

எங்கள் பக்கத்தில் சிக்கலே இதுதான். ஓட்டத் தெரியாத பையன் என்று எவனும் கிடையாது. 13 வயதில் கிளட்சை விடத் தெரிந்துவிடுகிறது. அதோடு பாடம் முடிந்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

"மச்சான், படகில் சுக்கானை எப்போது இவன் கையில் கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அதெப்படிக் கொடுக்க முடியும்? முதலில் நாலைந்து வருடம் ஆளாக வர வேண்டும். கடலடிப் பாறை எங்கே இருக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று எப்போது திரும்பும், எல்லாம் கண்ணுக்குப் பழக வேண்டும். இத்தனை பேர் உயிர் அதில் இருக்கிறதே."

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, மீன்வளத்துறையும் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை என்று சொல்லிவிட்டால், இதே மச்சான் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. பாதிக் கடலில் காற்றின் போக்கு பிடிக்காமல் படகைத் திருப்பிக்கொண்டு வந்தவரை ஊரே மெச்சிப் பேசும். தரையில் கால் வைத்ததும் அதே மனிதர் தலைக்கவசத்தைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு பேரை ஏற்றி, ரயில்வே கேட் மூடப்போகிறது என்று பறப்பார். இதை அவரிடமே சொன்னேன்.

"கடலில் எதிரே லாரி வராது, மாப்பிள்ளை" என்றார், பேச்சை முடித்துவைக்கிற தோரணையில்.

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "அப்படியென்றால் தரையில் இன்னும் நாலு வருடம் கூடத்தானே பழக வேண்டும்?"

மச்சான் வலையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நான் மருமகனைக் கூப்பிட்டு என் நிபந்தனையைச் சொன்னேன். 18 வயது ஆகும்வரை ஹேண்டில் பாரைத் தொடக் கூடாது. அதுவரை என் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும். சும்மா வரக் கூடாது. கண்ணில் படுவதை வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. 16 வயதிலேயே உரிமம் எடுக்கலாமாமே என்று ஒரு சட்டம் பேசினான். எடுக்கலாம்தான், 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு. நம் ஊர் மீன்காரர்கள் கூடை கட்டி ஓட்டும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியே இன்று 99.7 சி.சி. அந்த 50 சி.சி. வண்டிக்கு எங்கே போவான்?

உதிரிபாகம் வாங்க வாரம் இரண்டு முறையாவது ராமநாதபுரம் போவேன். சில நாள் கீழக்கரை, சில நாள் தேவிபட்டினம். விடுமுறை நாட்களில் அவனையும் ஏற்றிக்கொண்டேன். முதல் மாதம் அவன் சொன்னது இப்படித்தான் இருந்தது: "முன்னால் பஸ் போகிறது, மாமா." நான், "அதனால்?" என்பேன். பதில் இருக்காது. "இடப்பக்கம் ஆடு நிற்கிறது." "அதனால்?" மௌனம். இந்த 'அதனால்'தான் நான் அவனுக்கு நடத்திய மொத்தப் பாடம். வேறு அறிவுரை சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயதும் அல்ல அது.

நான்காவது மாதம் கீழக்கரைச் சாலையில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. "மாமா, இறங்கினவர்கள் பஸ்ஸுக்கு முன்பக்கமாகக் குறுக்கே வருவார்கள். சக்கரத்துக்கு நடுவில் கால் தெரிகிறதா பாருங்கள்" என்றான். குனிந்து பார்த்தேன். இரண்டு ஜோடிக் கால்கள், அதில் ஒன்று சின்னது. வண்டியை நிறுத்திவிட்டேன். அந்த அம்மாவும் குழந்தையும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோனார்கள்.

எங்கள் கடற்கரைச் சாலைகளுக்கென்று சில குணங்கள் உண்டு. ஓட்டுநர் உரிமத் தேர்வில் அவற்றை யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் சாலையின் விளிம்புவரை வந்து அடைத்துக்கொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து ஆடு வரும், மயில் வரும், சைக்கிளில் சிறுவன் வருவான். ஓர் ஆடு கடந்துவிட்டால் பின்னால் இன்னும் பத்து வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் தார் சூடாக இருப்பதால் மாடுகள் சாலை நடுவிலேயே படுத்துவிடும். கறுப்பு மாட்டுக்கு விளக்கு வெளிச்சத்தில் கண் மட்டும்தான் தெரியும், அதுவும் அது நம்மைப் பார்த்தால். மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டே போகும். அது வெறும் தண்ணீர் இல்லை, மீனின் வழுவழுப்பும் சேர்ந்தது. வளைவில் அந்த ஈரத் தடத்தின் மேல் பிரேக் பிடித்தவர்கள் பலரின் வண்டியை நான் நிமிர்த்தியிருக்கிறேன்.

ஆடி, தை அமாவாசை நாட்களின் விடிகாலை இன்னொரு வகை. ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட, இரவெல்லாம் கண் விழித்து எங்கெங்கிருந்தோ வேன்களை ஓட்டிக்கொண்டு வருவார்கள். எதிரே வரும் ஓட்டுநர் பாதித் தூக்கத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் அந்த நேரத்தில் நாம் போக வேண்டும். "அவர் தூங்கினால் அது அவர் தப்புதானே?" என்று கேட்டான் மருமகன். தப்பு யாருடையது என்பது பிறகு நீதிமன்றத்தில் முடிவாகும். அதைக் கேட்க நீ இருக்க வேண்டும் என்றேன்.

ஒரு நாள் பெருங்குளம் தாண்டிப் போகும்போது என் கைப்பேசி ஒலித்தது. கடைக்காரர் அழைக்கிறார் என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "மாமா ஒற்றைக் கையில் ஓட்டுகிறார்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "அதனால்?"

வண்டியை ஓரம் கட்டினேன். காது சூடாகிவிட்டது. அன்று முதல் வண்டியில் ஏறும் முன் கைப்பேசியைச் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்கிறார்களோ இல்லையோ, பின் இருக்கையில் உட்கார்ந்து பத்து வருடமாக நம் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைக்கவசத்தை எந்தச் சோதனைச் சாவடிக்கு முன்னால் மாட்டுகிறோம், எதைத் தாண்டியதும் கழற்றுகிறோம் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். அதனால் ஒரு காரியம் செய்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தார்ச்சாலைத் துண்டில் சுண்ணாம்புக் கட்டியால் குறுக்கே கோடு போட்டேன். நான் 20 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடிப்பேன். அவன் வண்டி நின்ற இடத்தைக் காலடியால் அளக்க வேண்டும். நான்கு அடி வைத்தான். இப்போது 40-இல் வரப்போகிறேன், எத்தனை என்று கேட்டேன். "வேகம் இரண்டு மடங்கு, எட்டு" என்றான். வந்து பிடித்தேன். பதினாறு வைத்துவிட்டு, ஏதோ தப்பாக அளந்துவிட்டதுபோல மறுபடி அளந்தான். பதினாறேதான். பிறகு அவனே உட்கார்ந்து தரையில் எழுதிப் பார்த்தான். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. 60-க்கு 36 காலடி, 80-க்கு 64. இது பிரேக் பிடித்த பிறகு உள்ள கணக்கு. ஆட்டைக் கண்டு, மூளைக்கு உறைத்து, விரல் மடங்குவதற்குள் ஒரு விநாடி போகும். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியிலேயே வண்டி 16, 17 மீட்டர் ஓடியிருக்கும். பின்னால் நண்பன் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தால் ஒரு விநாடி இரண்டாகும். வாய் திறக்காமல் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மாதத்தில் நான் பார்த்த நல்ல காட்சி அது.

மணலை மட்டும் கையாலேயே காட்டினேன். தார் மேல் மணல் படிந்த இடத்தில் வண்டியை அவனைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லி, முன் பிரேக்கை அழுத்தச் சொன்னேன். நடக்கும் வேகத்திலேயே முன் சக்கரம் சிக்கி, சறுக்கி, வண்டி அவன் மேல் சாய்ந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையில் இதுதான் நடக்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ., 2017-இல் திறந்துவைத்த சாலை. நேராக, இரு பக்கமும் கடலாக இருக்கும். அந்த நேர்கோட்டைப் பார்த்தாலே பையன்களின் மணிக்கட்டு தானாகத் திரும்பிவிடுகிறது. காலையில் சுத்தமாக இருந்த இடத்தில் மதியம் மணல் ஏறிக் கிடக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நல்ல தாரில் முன் பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது, மணலில் அதுவே கவிழ்க்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் "முன் பிரேக் பிடிக்காதே" என்று மட்டும் சொல்லி வளர்ப்பதும் தப்பு.

பாம்பன் சாலைப் பாலத்தில் அவன் என்னை முந்திவிட்டான். 1988-இல் திறந்த பாலம், நீளம் 2.3 கி.மீ.க்குச் சற்று அதிகம். நடுவில் போனதும் பக்கவாட்டில் காற்று அறையும். அதை எல்லோரும் அறிவார்கள். அவன் சொன்னது வேறு. "மாமா, எதிரே பஸ் வருகிறது. அது நம்மைக் கடக்கும்போது காற்று நின்றுவிடும், கடந்ததும் திரும்ப அடிக்கும். சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள், நிமிர்த்துங்கள்." எனக்கு இது உடம்பில் பழகிய விஷயம்; வார்த்தையாக யோசித்ததே இல்லை. கடல்காரன் மகனுக்குக் காற்று கண்ணில் தெரிகிறது போலிருக்கிறது. அன்று பாலத்தின் மேல் வழக்கம்போலப் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு கார்கள் நின்றன. கீழே 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் கைக்குழந்தையைத் தடுப்புச் சுவரின் மேல் உட்காரவைத்திருந்தார். சொல்லி என்ன பயன்.

உப்புக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் தொழில் அது. மதுரையில் நான்கு வருடம் வரும் பிரேக் கேபிள் இங்கே இரண்டு வருடம்கூட வராது. உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகும். லிவரைப் பிடித்தால் பிடித்தபடி நிற்கும், இல்லையென்றால் ஒரு நாள் அறுந்து கையோடு வரும். மச்சான் படகை எடுக்கும் முன் இன்ஜின், டீசல், அடித்தட்டில் சேர்ந்த தண்ணீர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பார். வண்டிக்கும் அப்படி இரண்டு நிமிடம் கொடு என்றேன். டயர், இரண்டு பிரேக், விளக்கு, செயின். இதை மருமகன் தகராறு இல்லாமல் ஏற்றுக்கொண்டான். ஸ்பேனர் பிடிக்கிற வேலை என்றால் அந்த வயதுப் பையன்களுக்குப் பிடிக்கும்.

சட்டத்தை நான் பையன்களிடம் பேசுவதில்லை, அப்பாக்களிடம்தான் பேசுகிறேன். "ஏதாவது என்றால் பேசிக்கொள்ளலாம், ஸ்டேஷனில் ஆள் இருக்கிறது" என்பவர்களிடம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. இதற்கெல்லாம் அசையாதவர்களும் காப்பீட்டு விவரம் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்: உரிமம் இல்லாதவன் ஓட்டி அடுத்தவருக்கு அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. வீடு, படகு, நகை எல்லாம் மனதில் வந்து போவது முகத்திலேயே தெரியும்.

தலைக்கவசத்துக்கு மச்சானை மடக்கியது மருமகன்தான், நான் இல்லை. 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் என்று மத்திய அமைச்சகத்தின் அறிக்கையிலிருந்து படித்துக்காட்டினான். தலைக்கவசம் சாவைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுவதையும் படித்தான். மச்சான் எண்களுக்கு மயங்குகிறவர் அல்ல. ஆனால் மகன் தன் முன்னால் நின்று படிக்கிறானே, அதற்காக ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து இரண்டு வாங்கி வந்தார். பட்டையைப் பூட்டாமல்தான் இன்னும் போடுகிறார். பட்டை பூட்டாத தலைக்கவசம் தலையில் கவிழ்த்த சட்டி என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரியில் மருமகனுக்கு 18 ஆனது. எல்.எல்.ஆர். போட்டோம். 30 நாள் கழித்துத் தேர்வு. எட்டுப் போட்டுக் காட்டினான், கால் ஊன்றவில்லை, உரிமம் வந்தது. எட்டுப் போடத் தெரிந்ததற்குக் கொடுத்த உரிமம். மீதியை நாங்கள் வீட்டில் பேரம் பேசினோம். நியூசிலாந்தில் 1987-இலிருந்து புது ஓட்டுநர்களுக்கு இரவு 10 மணிக்கு மேல் தனியாக ஓட்டவும், அனுபவசாலி கூட இல்லாமல் நண்பர்களை ஏற்றவும் தடை வைத்துப் படிப்படியாக உரிமம் கொடுக்கிறார்கள். நான் ஆறு மாதம் அப்படிக் கேட்டேன். அவன் மூன்று என்றான். நான்கில் முடிந்தது. எட்டு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, பின்னால் நண்பர்கள் இல்லை, அம்மா மட்டும் ஏறலாம். நண்பர்களைத்தான் அவன் கடைசிவரை விட்டுக்கொடுக்க மறுத்தான். பையன் தனியாக இருக்கும்போது ஒரு ஆள், பின்னால் இரண்டு பேர் ஏறினால் வேறு ஆள் என்பதை நான் பட்டறை வாசலிலேயே தினமும் பார்க்கிறேன். அதை அவனிடம் சொன்னபோது, "நான் அப்படி இல்லை" என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேரம் முறிந்திருக்கும்.

போன வாரம், கச்சான் உரக்க அடித்த ஒரு மத்தியானம், அவன் பட்டறைக்கு வந்தான். ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தான். முட்டியில் சிராய்ப்பு, பேன்ட் கிழிந்திருந்தது. முன் பிரேக் லிவர் வளைந்து, வலப்பக்கக் கண்ணாடி போயிருந்தது. "மணல்" என்றான். "எவ்வளவு வேகம்?" என்றேன். "முப்பது இருக்கும்." கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நாற்பது" என்றான். பின்னால் யாராவது இருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவனே, "தனியாகத்தான் போனேன்" என்றான். அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டதற்கு, விழுந்த இடத்திலிருந்தே அழைத்துச் சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

காயத்தைக் கழுவி மருந்து போட்டுவிட்டேன். புது லிவர் மாட்டினேன். கண்ணாடிக்கு, கோணிப்பையைத் தரையில் கவிழ்த்து இருவரும் தேடினோம். அவன் வண்டிக்குப் பொருந்தும் வலப்பக்கக் கண்ணாடி மூன்று இருந்தன. மூன்றையும் சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் இல்லாத ஒன்றை எடுத்தான். மாட்டியதும் சீட்டில் உட்கார்ந்து, தனக்குத் தெரிகிற மாதிரி அவனே திருப்பிவைத்துக்கொண்டான். லிவருக்கும் கூலிக்கும் காசு வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக்கு வாங்கவில்லை.